அப்பாவின் நினைவுப் புத்தகம்: செய்து தந்த சேவையைப் பற்றி ஒரு மதிப்புரை

அப்பா காலமான சில மாதங்களில், அவருக்கென்று ஒரு நினைவுப் புத்தகம் செய்ய வேண்டும் என்று அம்மா கேட்டார். குடும்பப் படங்கள், கடிதங்கள், ஒலிநாடாக்கள் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு, வீட்டாரிடம் நேர்காணல் எடுத்து, அச்சிட்ட புத்தகமாகவும் ஒலிக்கோப்புகளாகவும் திருப்பித் தரும் ஒரு சேவையிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தோம். அவர்களின் வேலையில் நிறைவானதையும் குறைபட்டதையும் எழுதினால் இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதாலும், இத்தகைய சேவைகள் பெரும்பாலும் ஒரே முறையில் இயங்குவதாலும், நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

எங்கள் தயக்கம் ஒன்றே ஒன்றுதான். அப்பா ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். விருது வாங்கியதில்லை, மேடை ஏறியதில்லை, அவரைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வந்ததில்லை. வேலை முடிந்தால் வீடு, வீட்டில் நாங்கள் என்றே வாழ்ந்தவர். அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை எதைக்கொண்டு ஒரு புத்தகமாக்குவார்கள், பிறப்பு, படிப்பு, வேலை, திருமணம் என்று நான்கு பக்கத்தில் முடிந்துவிடாதா என்று அண்ணன் கேட்டான். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. இந்தச் சேவையை நான் மதிப்பிடுவதும் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதல் சந்திப்பிலேயே நேர்காணல் எடுக்க வந்த பெண்மணி எங்கள் தயக்கத்தைப் பாதி போக்கிவிட்டார். அப்பா எப்படிப்பட்ட மனிதர் என்ற கேள்வியை அவர் கேட்கவே இல்லை. அப்படிக் கேட்டிருந்தால் நல்லவர், பொறுமைசாலி, பாசமானவர் என்று மூன்று சொற்களில் முடித்திருப்போம். மாலையில் வீட்டுக்கு வந்ததும் முதலில் எங்கே உட்காருவார், கோபம் வந்தால் கைகளை என்ன செய்வார், யாருக்கும் தெரியாமல் வாங்கி வந்த பொருளை எங்கே ஒளித்துவைப்பார், எந்தச் சொல்லை அடிக்கடி தவறாக உச்சரிப்பார் என்றெல்லாம் கேட்டார். அதுவரை பேசாமல் இருந்த அம்மா, “வாசல் விளக்கை அவர்தான் அணைப்பார்” என்று ஆரம்பித்தார். வீட்டில் கடைசி ஆள் வந்து சேரும்வரை அந்த விளக்கு எரியும் என்பதும், “எல்லாரும் வந்தாச்சா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அப்பா அதை அணைப்பார் என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆனால் நாங்கள் வேலைக்கும் திருமணத்துக்குமாகப் பிரிந்துபோன பிறகும் அவர் அந்தக் கேள்வியை விடவில்லை என்பதும், “வந்தாச்சு” என்று அம்மா தினமும் பதில் சொல்லிவந்தார் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் வீதம் இரண்டு அமர்வுகள் நடந்தன. பணம் கொடுத்துப் பெற்றவற்றில் எனக்கு மிக உயர்வாகத் தோன்றுவது அந்த மூன்று மணி நேரம்தான். கட்டணத்தைக் குறைப்பதற்காக நேர்காணலை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் கொடுக்கும் திட்டமும் அவர்களிடம் உண்டு. அதை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

படங்களைக் கையாண்ட விதத்தில் பெரும்பாலும் குறை சொல்ல இடமில்லை. எங்கள் நான்கு ஆல்பங்களில் இரண்டு, பசை பூசிய அட்டையில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடும் வகையைச் சேர்ந்தவை. வாங்கிய காலத்தில் அதுதான் வசதி என்று நினைத்தோம். அந்தப் பசை ஆண்டுக்கணக்கில் இறுகிப் படத்தின் முதுகைப் பிடித்துக்கொள்கிறது, இழுத்தால் படம் கிழிகிறது. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யப் பயன்படும், மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே செலுத்தி, ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல இழுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பிரிய மறுத்த பதினொரு படங்களைத் தொந்தரவு செய்யாமல் அட்டையோடு சேர்த்தே படம் பிடித்தார்கள். மற்றவற்றை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தார்கள். நான்குக்கு ஆறு அங்குலப் படம் ஒன்று அந்த அளவில் 2400க்கு 3600 புள்ளிகளாக வரும் என்பதால், அதை இரண்டு மடங்கு பெரிதாக்கி அச்சிட்டாலும் முகம் தெளிவாகவே இருக்கிறது. பழைய வண்ணப் படங்கள் சிவந்துபோயிருந்ததற்குக் காரணம், மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றுக்கு முன்பே மங்கிவிட்டது என்று விளக்கி, நிறத்தை மட்டும் மிதமாகச் சரிசெய்தார்கள்.

இவற்றையெல்லாம்விட, பிரியாத அந்தப் பதினொன்றைத் தவிர மற்ற எல்லாப் படங்களின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்ததற்குத்தான் நான் அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்பா அந்தப் படங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால், அழுத்தாமல், தேதியும் பெயர்களும் எழுதிவைத்திருக்கிறார். என் நான்காம் வயதுப் படம் ஒன்றில் நான் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதன் பின்னால், “அழுது முடித்த பிறகு எடுத்தது. அழுதது என் தவறு” என்று இருக்கிறது. என்ன தவறு என்று எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் நினைவில்லை. புத்தகத்தில் அந்தப் படமும் அதன் முதுகும் எதிரெதிர்ப் பக்கங்களில் வந்திருக்கின்றன.

மொத்தம் 312 படங்களில் அப்பா இருப்பவை 23 மட்டுமே. கேமராவை எப்போதும் அவர்தான் வைத்திருப்பார். அவரைப் பற்றிய புத்தகத்தில் அவரே இல்லாமல் போய்விடுவாரோ என்று நாங்கள் கவலைப்பட்டபோது, பக்க வடிவமைப்பைப் பார்த்துக்கொண்ட இளைஞர் ஏழு படங்களைத் தனியே எடுத்துவந்து காட்டினார். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று படம் எடுக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கேமராக்காரர்கள் எல்லோரும் கற்ற பாடம். அதனால் மாலை வெயிலில் எடுத்த ஏழு படங்களிலும் தரையில் அப்பாவின் நிழல் நீண்டு வந்து எங்கள் காலடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, இரண்டு முழங்கைகளும் வெளியே துருத்த, கேமராவை முகத்தோடு அணைத்துப் பிடித்தபடி. இத்தனை ஆண்டுகளாக அந்த ஆல்பங்களைப் புரட்டிய எங்களில் ஒருவர் கண்ணிலும் அது பட்டதில்லை. அந்த ஏழு படங்களும் ஒரே வரிசையாக வந்திருக்கின்றன. படத்துக்குப் படம் நாங்கள் வளர்கிறோம், நிழல் அப்படியே இருக்கிறது.

படங்கள் விஷயத்தில் நடந்த ஒரே தவறைப் பற்றி எச்சரிக்க வேண்டும். முதல் மெய்ப்பில், அதாவது நாங்கள் சரிபார்ப்பதற்காகக் கொடுத்த மாதிரிப் பிரதியில், முன்பக்கத்துப் படத்தை, முகத்தைத் தெளிவாக்கும் செயலி ஒன்றைக் கொண்டு மெருகேற்றியிருந்தார்கள். கண்கள் பளிச்சென்று இருந்தன, தோல் வழுவழுவென்று இருந்தது, இடது புருவத்தின் மேல் சிறுவயதில் விழுந்த வெட்டுத் தழும்பைக் காணவில்லை. அம்மா ஒரு கணம் பார்த்துவிட்டு, “இது அவர் இல்ல” என்று புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டார். மங்கிய படத்தில் இல்லாத விவரத்தை இத்தகைய செயலிகள் தாங்களாகவே இட்டு நிரப்புகின்றன. அது வேறு பல முகங்களைப் பார்த்துக் கற்ற ஊகமே தவிர, நம் மனிதருடைய முகம் அல்ல. நாங்கள் சொன்னதும் மறுபேச்சில்லாமல் பழைய படத்தையே வைத்துவிட்டார்கள். ஆனாலும் கேட்காமல் அதைச் செய்திருக்கக் கூடாது. ஒப்பந்தம் போடும்போதே, தூசியையும் நிறத்தையும் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

எழுத்து வேலையின் முதல் வரைவும் எங்களுக்கு ஏமாற்றமாகவே இருந்தது. பாசத்தின் சிகரம், பண்பின் உறைவிடம், தியாகத்தின் திருவுருவம் என்று தொடங்கியிருந்தார்கள். எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும்படி முன்பே எழுதிவைத்த பத்திகள் அவை என்பது படித்தவுடன் தெரிந்தது. நேர்காணலில் அம்மா சொன்ன வாசல் விளக்கு இரண்டாவது அத்தியாயத்தில், ஒரு வாக்கியத்தில் முடிந்துபோயிருந்தது. அடைமொழிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, நடந்தவற்றை மட்டும் நடந்தபடி எழுதுங்கள் என்று கேட்டோம். திருத்தி வந்த வரைவு அதே கையால் எழுதப்பட்டதுதானா என்று வியக்கும் அளவுக்கு நன்றாக இருந்தது. முடிந்தவர்கள் முதலிலேயே ஏன் செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அந்தத் திருத்தத்துக்குப் பெரிதும் உதவியவை அப்பாவின் கணக்கு நோட்டுகள். அவற்றைக் கொடுப்பதா வேண்டாமா என்று நாங்கள் யோசித்தோம், வரவு செலவில் என்ன இருக்கப்போகிறது என்று. நேர்காணல் எடுத்த பெண்மணி அவற்றை வரி விடாமல் படித்திருந்தார். பதினோரு ஆண்டுகளில் அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்கு நான்கு முறை செலவு எழுதப்பட்டிருப்பதையும், அதே காலத்தில் அப்பாவின் கண்ணாடிக்கு எழுதப்பட்ட ஒரே செலவு உடைந்த காலை ஒட்டியதற்கு என்பதையும் அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அப்பா தம் வாயால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

அந்த நோட்டுகளுக்கு நடுவே தவறுதலாகக் கலந்துபோயிருந்த மெல்லிய நோட்டு ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அம்மாவைப் பெற்ற பாட்டி கடைசி நான்கு ஆண்டுகள் எழுந்து நடமாட முடியாமல் எங்கள் வீட்டில்தான் இருந்தார். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பக்கம் மாற்றிப் படுக்கவைக்காவிட்டால், இடுப்பு, குதிகால் போன்ற எலும்பு துருத்தும் இடங்களில் அழுத்தத்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் வர வாய்ப்பு அதிகம். வந்துவிட்டால் ஆற்றுவது கடினம். “பகல் உன்னுது, ராத்திரி என்னுது” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, இரவு முழுவதையும் அப்பா ஏற்றுக்கொண்டார். அதன் பதிவுதான் அந்த நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். ஒவ்வொரு இரவுக்கும், 11 இடது, 1 வலது, 3 நேராக, 5 இடது என்று நேரமும் பக்கமும் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. ஓர் இரவில் 3 என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில், “3.20. தூங்கிவிட்டேன்” என்று எழுதியிருக்கிறார். அதைக் கேட்பதற்கோ சரிபார்ப்பதற்கோ யாரும் இல்லை. காலையில் வழக்கம்போல ஒன்பது மணிக்கு அலுவலகம் போயிருப்பார். பிள்ளைகளாகிய நாங்கள் அந்த நான்கு ஆண்டும் பக்கத்து அறையில் நன்றாகத் தூங்கினோம்.

அந்தப் பக்கத்தைப் புத்தகத்தில் அசல் அளவிலேயே, நோட்டின் கோடும் மைக்கறையும் தெரியும்படி, எந்த விளக்கமும் இல்லாமல் அச்சிட்டிருக்கிறார்கள். விளக்கம் வேண்டாம் என்பது அவர்களாகவே எடுத்த முடிவு. முதல் வரைவில் அத்தனை அடைமொழி போட்டவர்கள் இந்த இடத்தில் பேசாமல் இருந்தது அவர்கள் மேல் எனக்கு மதிப்பை உண்டாக்கியது.

ஒலிநாடாக்களுக்கு வருகிறேன். எங்களிடம் இருந்தவை ஆறு கேசட்டுகள், நான்கு 60 நிமிட வகை, இரண்டு 90 நிமிட வகை. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த இந்தச் சிறு கேசட்டில் நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அது நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகத்தில்தான் ஓடும். இரண்டு கேசட்டுகளில் நாடாவை, அதில் உள்ள ஒலியைப் படிக்கும் ஒலிமுனையோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுத்துண்டு உதிர்ந்துபோயிருந்தது. தொழில்நுட்பப் பணியாளர் அந்த நாடாக்களை வேறு கூட்டுக்கு மாற்றினார். பிறகு ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒலிமுனையின் சாய்வைத் தனித்தனியே சரிசெய்தார். பதிவு செய்த கருவியின் சாய்வும் இப்போது ஓட்டும் கருவியின் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் ச, ஸ போன்ற ஒலிகள் மழுங்கிவிடும் என்பதை அவர் திருப்பிக் காட்டியபோது, மூடியிருந்த கதவு திறந்ததுபோல அண்ணனின் பத்து வயதுக் குரல் தெளிந்து வந்தது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பாதுகாப்புப் பிரதியும், கைப்பேசியில் கேட்பதற்கு எம்பி3 பிரதியும் கொடுத்தார்கள்.

ஏழு மணி நேரப் பதிவில் அப்பா பேசுவது மொத்தமாகப் பதினெட்டு நிமிடம்தான். பிள்ளைகள் படிப்பதையும் ஒப்பிப்பதையும் பதிவு செய்வதே அவர் நோக்கம். தேதியைச் சொல்லுவார், “இப்ப பேசு” என்பார், நாங்கள் தடுமாறினால் அடுத்த சொல்லை மெதுவாக எடுத்துக்கொடுப்பார், அவ்வளவுதான். அந்தப் பதினெட்டு நிமிடமும் எந்தெந்தக் கேசட்டில் எந்த நிமிடத்தில் வருகிறது என்று ஒரு நேரக்குறிப்புப் பட்டியலை நாங்கள் கேட்காமலேயே தயாரித்துத் தந்தார் அந்தப் பணியாளர்.

இங்கேயும் ஒரு சிக்கல் வந்தது. முதலில் வந்த கோப்புகளில் இரைச்சலை முழுவதும் நீக்கியிருந்தார்கள். பேச்சு தொடங்கும் முன்னே இருந்த அமைதியைத் தேவையற்றது என்று வெட்டியிருந்தார்கள். அப்பா தொண்டையைச் செருமுவது, நாற்காலியை முன்னால் இழுப்பது, பதிவுப் பொத்தானை அழுத்தும் சத்தம் எல்லாம் அதோடு போய்விட்டன. எதையும் நீக்காத அசல் பிரதி வேண்டும் என்று கேட்டோம், ஒரு வாரத்தில் கொடுத்தார்கள். நீங்கள் எந்தச் சேவையிடம் கொடுத்தாலும், சுத்தம் செய்த பிரதியோடு அசல் பிரதியையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

அப்பாவின் குரலை மாதிரியாக வைத்து, அவர் பேசாத புதிய வாக்கியங்களைக் கணினி மூலம் அவர் குரலிலேயே உருவாக்கித் தர முடியும் என்றும் சொன்னார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதுபோல் செய்யலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. 3.20 என்று அடித்து எழுதிய மனிதரின் வாயில் அவர் சொல்லாத சொல்லை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. வற்புறுத்தாமல் விட்டுவிட்டார்கள். அப்பாவின் நினைவாக அமைத்துத் தருவதாகச் சொன்ன இணையப் பக்கமும் அப்படித்தான், ஆண்டுச் சந்தா கட்டும்வரைதான் அது இருக்கும் என்பதால் அதையும் எடுக்கவில்லை. கோப்புகளை மூன்று பிரதிகளாக எடுத்து, அவற்றில் ஒன்றை அண்ணன் வீட்டில் வைத்திருக்கிறோம்.

புத்தகத்தின் கட்டமைப்பு உறுதியானது. 96 பக்கங்கள், பதினாறு பக்கம் கொண்ட மடித்த தாள்கட்டு (ஃபாரம்) ஆறு, நூலால் தைத்துக் கெட்டி அட்டை போட்டது, விரித்து வைத்தால் தட்டையாக நிற்கிறது. வெறும் பசை பைண்டிங் இதைவிடக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். ஆனால் அம்மா புரட்டும் வேகத்துக்கு அது ஓராண்டுகூடத் தாங்கியிருக்காது. தாள் அமிலமற்றது என்பதால் விரைவில் மஞ்சளாகி நொறுங்காது. ஆறு வாரம் என்று சொல்லிப் பத்து வாரம் எடுத்துக்கொண்டார்கள், அதில் இரண்டு வாரம் எங்கள் திருத்தங்களால் ஆனது. ஒரு படக்குறிப்பில் அப்பாவையும் சித்தப்பாவையும் மாற்றி எழுதியிருந்ததை மெய்ப்பில் நாங்கள்தான் கண்டுபிடித்தோம். படங்களில் இருப்பவர்களை அடையாளம் தெரிந்த மூத்தவர் ஒருவர் மெய்ப்பைப் பார்ப்பது அவசியம்.

அண்ணன் கேட்ட கேள்விக்கு இந்தப் புத்தகம் பதில் சொல்லியிருக்கிறதா என்றால், சொல்லியிருக்கிறது. பிறப்பு, படிப்பு, வேலை மூன்றும் சேர்ந்து ஐந்தே பக்கம். மீதியெல்லாம் வாசல் விளக்கும் நிழலும் நோட்டும்தான். நாங்கள் விழித்திருந்து திருத்தியிராவிட்டால் இப்படி வந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வீட்டார் நேரம் ஒதுக்கத் தயாராக இருந்தால் இந்தச் சேவையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

அசல் ஒலிப்பிரதி வந்த அன்று அதைக் கேட்டபோது, கேசட் ஒன்றின் தொடக்கத்தில் அப்பாவின் குரல் வருவதற்கு இரண்டு நொடி முன்பே அதே குரல் மிக மிக மெலிதாக, தூரத்தில் இருந்து வருவதுபோல ஒருமுறை கேட்டது. ஏதோ பழுது என்று நினைத்துப் பணியாளரை அழைத்துக் கேட்டேன். நாடா சுருளாகச் சுற்றி நெடுநாள் கிடக்கும்போது, ஒரு சுற்றில் உள்ள காந்தப் பதிவு அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்த சுற்றிலும் இலேசாகப் படிந்துவிடும், அதனால்தான் சுருள் ஒரு சுற்று சுற்றும் நேரத்துக்கு முன்பே குரலின் சாயல் கேட்கிறது, வேண்டுமானால் நீக்கித் தருகிறேன் என்றார். நீக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இந்தக் காரணத்தையெல்லாம் நான் விளக்கவில்லை. அவர் தினமும் மாலையில் அந்தக் கேசட்டின் கோப்பைத்தான் போடச் சொல்கிறார். முதலில் நாடாவின் இரைச்சல், பிறகு நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு அந்த மெல்லிய குரல். அது கேட்டதும் அம்மா கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லி, “வர்றார்” என்கிறார்.